37 காட்டினால் சரியா? வீட்டில் உடம்புச் சூடு பார்க்கும் முறை

பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் யாருக்கு உடம்பு சுட்டாலும் முதலில் தட்டுவது என் வீட்டுக் கதவைத்தான். தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனால் இங்கே எல்லாருக்கும் நான் இன்னும் மிஸ்ஸிதான். "மிஸ்ஸி, பிள்ளைக்கு 37.4 காட்டுது, பனடோல் கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். எங்கே வைத்துப் பார்த்தாய், எத்தனை மணிக்குப் பார்த்தாய், அதற்கு முன்னால் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான், நன்றாக இருக்கிற நாளில் அவனுக்கு எவ்வளவு இருக்கும் என்று திருப்பிக் கேட்பேன். முதல் மூன்றுக்கும் எப்படியோ பதில் வந்துவிடும். கடைசிக் கேள்விக்குத்தான் முழிப்பார்கள். அந்தப் பதிலை உங்கள் வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ்தான் இருக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த 37 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் இருக்கிற பயபக்தி கொஞ்சம் குறையும். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிச், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் அக்குளில் வைத்து எடுத்த அளவுகளைத் தொகுத்து 1868-இல் புத்தகமாகப் போட்டார். அந்தக் காலத்துத் தெர்மோமீட்டர் ஓரடி நீளம் இருக்கும். கால் மணி நேரமாவது அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அதில் வந்த சராசரிதான் 37. காலையில் குறையும், மாலையில் ஏறும், பெண்களுக்குச் சற்றுக் கூடுதல், வயதானவர்களுக்குக் குறைவு என்று அவரே எழுதியிருக்கிறார். அதையெல்லாம் விட்டுவிட்டு ஊர் உலகம் அந்தச் சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டது.

1992-இல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 148 பேருக்கு வாயில் வைத்து அளந்து பார்த்தார்கள். சராசரி 36.8 வந்தது. விடியற்காலையில் 37.2 வரைக்கும், நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 37.7 வரைக்கும் சாதாரணம்தான் என்று சொன்னார்கள். 2020-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பழைய ராணுவ வீரர்களின் பதிவேடுகள் வரை தோண்டிப் பார்த்து, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அமெரிக்கர்களின் உடல் வெப்பம் மெல்ல மெல்ல இறங்கி வந்திருக்கிறது என்றார்கள். ஆக, பெரியவர்கள் பெரும்பாலானோர் 37-க்குக் கீழேதான் இருக்கிறார்கள். 36.3 காட்டினால் "சூடு பத்தலையோ" என்று பதற வேண்டாம். 35-க்குக் கீழே போனால்தான் அது ஆபத்தான குளிர்ச்சி.

ஒரே ஆளுக்கே ஒரு நாளுக்குள் அரை டிகிரி ஏறி இறங்கும். விடியற்காலை 4 முதல் 6 மணிக்குள் மிகக் குறைவு, மாலை 4 முதல் 6 மணிக்குள் மிக அதிகம். மாதவிடாய் வரும் பெண்களுக்குக் கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வரை 0.3 முதல் 0.5 வரை கூடுதலாக நிற்கும். பிள்ளைகள் கீழே பந்து விளையாடிவிட்டு வந்தால் ஏறியிருக்கும். தைப்பூசத்தன்று வெயிலில் காவடியோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தவருக்கு அந்த நிமிடமே வைத்துப் பார்த்தால் 38-ஐக்கூடத் தொடலாம். அது காய்ச்சல் இல்லை. நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், இறங்கியிருக்கும்.

உங்கள் வீட்டு எண்

எல்லாரும் நலமாக இருக்கிற ஒரு வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்த பிறகு இதைச் செய்ய முடியாது. காலையில் எழுந்ததும், காப்பியோ மைலோவோ குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை. மாலையில் வேலை, பள்ளிக்கூடம் முடிந்து வந்து சற்று ஓய்ந்த பிறகு ஒரு தடவை. ஒரே தெர்மோமீட்டர், உடம்பில் ஒரே இடம். மூன்று நான்கு நாள் போதும். நாட்காட்டியின் ஓரத்திலேயே எழுதி வைக்கலாம்: பெயர், காலை, மாலை. எங்கள் வீட்டில் மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டியில் நல்ல நேரத்துக்குப் பக்கத்தில்தான் எழுதுவேன்.

இந்த எண் அதிகம் உதவுவது வயதானவர்களுக்கு. எதிர் வீட்டுப் பாட்டிக்கு நல்ல நாளில் காலையில் 35.9-தான் இருக்கும். அவருக்கு நிமோனியாவே வந்தாலும் 38 எட்டாமல் போகலாம். முதியோர் இல்லங்களில் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு இது: வாயில் வைத்து ஒரு தடவை 37.8-க்கு மேல் போனாலும், திரும்பத் திரும்ப 37.2-க்கு மேல் காட்டினாலும், வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி ஏறினாலும் அதைக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டிக்கு 37.1 என்றால் அவர் மருமகள் இப்போது அலட்சியமாக விடுவதில்லை. கூடவே சாப்பிடாமல் இருக்கிறாரா, ஆள் மாற்றிப் பேசுகிறாரா என்றும் பார்க்கிறார். வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம்தான் பல நேரம் காய்ச்சலுக்கு முன்னால் வந்து நிற்கும்.

எங்கே வைப்பது, எப்படி வைப்பது

நம் வீடுகளில் அதிகம் நடப்பது அக்குள். அதிகம் தப்பாக நடப்பதும் அதுதான். பையன் சோபாவில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பான், அம்மா பனியனுக்கு மேலாகவே தெர்மோமீட்டர் குச்சியைச் செருகிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். குச்சியின் நுனி பின்பக்கமாக வெளியே எட்டிப் பார்க்கும். அது அளப்பது சோபாவின் சூட்டைத்தான்.

முதலில் அக்குளைத் துண்டால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் தோல் சூடாகும். வியர்வை இருந்தால் அளவு குறைத்துக் காட்டும், பினாங்கு வெக்கையில் யாருக்கு வியர்வை இல்லை? நுனி அக்குளின் நடுப்பள்ளத்தில், தோலில் நேராகப் பட வேண்டும். துணி நடுவில் வரக்கூடாது. மேற்கையை விலாவோடு ஒட்டி, அந்தக் கையால் எதிர்த் தோளைப் பிடிக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளையானால் மடியில் உட்கார வைத்து நீங்களே கையைச் சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். குளித்த உடனே பார்க்க வேண்டாம், கால் மணி நேரமாவது போகட்டும்.

அப்புறம் அந்த 'பீப்' சத்தம். பத்து வினாடியில் கத்துகிற சில டிஜிட்டல் தெர்மோமீட்டர்கள் உண்மையில் முழுவதும் அளந்து முடிப்பதில்லை. சூடு ஏறுகிற வேகத்தைப் பார்த்துக் கடைசியில் எங்கே நிற்கும் என்று கணித்துச் சொல்கின்றன. அக்குளில் சூடு மெதுவாகத்தான் ஏறும். சத்தம் வந்த பிறகும் எடுக்காமல் இன்னும் சில நிமிடம் விட்டுப் பாருங்கள், பல கருவிகளில் எண் மேலே நகரும். பெட்டிக்குள் வரும் தாளில் அக்குளுக்கு எவ்வளவு நேரம் என்று தனியாகவே போட்டிருப்பார்கள். அந்தத் தாளைத்தான் நாம் பெட்டியோடு சேர்த்து வீசிவிடுகிறோம்.

அக்குளில் வரும் எண் வாயில் வருவதைவிட ஏறக்குறைய அரை டிகிரி குறைவாக இருக்கும். சிலர் தாங்களாகவே அரையைக் கூட்டிச் சொல்வார்கள். கூட்டவே கூட்டாதீர்கள். "அக்குளில் 37.6" என்று சொன்னால் மருத்துவருக்குப் போதும். நீங்கள் கூட்டிச் சொல்லி, அவரும் கூட்டினால் இல்லாத காய்ச்சல் வந்துவிடும்.

வாய் நல்ல இடம், ஐந்து வயது தாண்டி சொன்னபடி செய்கிற யாருக்கும். நாக்கின் அடியில், நடுவில் இல்லை, பக்கவாட்டில் உள்ளே தள்ளி ஒரு சூடான பள்ளம் இருக்கும். நுனி அங்கே போக வேண்டும். உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விட வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் வாயை விட்டுவிட்டு அக்குளுக்குப் போங்கள். சூடான தே தாரே குடித்தாலும் ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிட்டாலும் அரை மணி நேரம் காத்திருங்கள். வேலைக்கு மட்டம் போட எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டும் என்று சுடச்சுட எதையாவது குடித்துவிட்டு வந்து உட்காருபவர்களை என் காலத்தில் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடியும் வைத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

காதுக்கருவி செவிப்பறையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. காதுத் துளை நேராக இல்லை, அதனால்தான் காதைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் மேலும் பின்னுமாக, ஒரு வயதுக்குக் கீழே நேராகப் பின்னுக்கு. இழுக்காமல் வைத்தால் கருவி பார்ப்பது காதுச் சுவரை. அழுக்கு அடைத்திருந்தாலும் குறைத்துக் காட்டும். தலையணையில் அழுந்திக் கிடந்த காதில் பார்க்காதீர்கள், மறு பக்கத்தில் பாருங்கள், அல்லது கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் துளை மிகச் சிறியது, காதுக்கருவி வேண்டாம்.

நெற்றித் துப்பாக்கி பற்றிச் சொல்லத்தான் வேண்டும், கோவிட் காலத்துக்குப் பிறகு எல்லா வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. 2020-இல் பேரங்காடி வாசலில் நின்று நெற்றியைக் காட்டியது ஞாபகம் இருக்கும். 37.5-க்கு மேல் என்றால் உள்ளே விட மாட்டார்கள். ஏர்கோன் காரிலிருந்து இறங்கி நேராக வந்தவருக்கு 35.2, மோட்டார் சைக்கிளை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தவருக்கு 37.6. இருவருமே நல்ல ஆரோக்கியம்தான். அந்தக் கருவி தோலின் மேல் சூட்டைப் பார்த்து, அதோடு ஒரு கணக்கைச் சேர்த்து உடம்பின் சூடாகக் காட்டுகிறது. அதனால் வெளியிலிருந்து வந்தால் கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்த பிறகே பாருங்கள். நெற்றி வியர்வையைத் துடையுங்கள், முடியை ஒதுக்குங்கள், விபூதி குங்குமம் இல்லாத இடமாகப் பாருங்கள். காற்றாடிக்கு நேர் கீழே வேண்டாம். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தூரம் என்று பெரும்பாலான கருவிகளில் போட்டிருக்கும். இன்னொன்று, பலவற்றில் உடம்பு, பொருள் என்று இரண்டு முறைகள் உண்டு. பால் புட்டியின் சூட்டைப் பார்க்கப் பொருள் முறைக்கு மாற்றியவர் அப்படியே விட்டிருப்பார், அடுத்து பிள்ளையின் நெற்றியில் வைத்தால் 33 என்று காட்டும். நடுராத்திரியில் கதவைத் தட்டுவதற்கு முன்னால் அந்தப் பொத்தானை ஒரு தடவை பாருங்கள் என்று எங்கள் மாடியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், துப்பாக்கி வாசலில் ஆள் வடிகட்டத்தான் சரி. வீட்டுக்கு நுனி வளையும் சாதாரண டிஜிட்டல் குச்சி போதும். விலையும் குறைவு, ஃபார்மசியில் எங்கும் கிடைக்கும்.

ஆசனவாயில் வைப்பதுதான் உள் சூட்டுக்கு மிக நெருங்கிய அளவு. ஆனால் யாரும் காட்டித் தராமல் வீட்டில் முயல வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அக்குளில் பார்த்துச் சந்தேகம் வந்தாலே கிளம்ப வேண்டியதுதான். அந்த வயதில் 38 என்றால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம், விடியட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை, உடனே ஆஸ்பத்திரி. பிறந்த குழந்தைக்கு 36.5 முதல் 37.5 வரை சாதாரணம். சூடு குறைந்து பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் அதே அவசரம்தான்.

எது காய்ச்சல்

காதிலோ ஆசனவாயிலோ 38, வாயில் 37.8, அக்குளில் 37.5. இதைத் தாண்டினால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டுப் பார்ப்பதும் வீண் இல்லை. "சுடலை" என்று ஓர் அம்மா சொன்னால் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். "கொதிக்குது" என்று சொல்லும்போதுதான் கருவியை எடுக்க வேண்டும், ஏனென்றால் பாத்திரம் கழுவிவிட்டு வந்த குளிர்ந்த கைக்கு எல்லா நெற்றியும் கொதிக்கும்.

மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி உடம்பின் சூட்டை ஓர் அளவில் நிறுத்தி வைத்திருக்கிறது. கிருமி புகுந்தால் அந்த அளவையே அது உயர்த்திவிடும். உடம்பு இப்போது அந்தப் புது அளவை எட்ட வேண்டும், அதற்காகத்தான் நடுக்கம். கை கால் சில்லென்று, பிள்ளை போர்வை கேட்கிற நேரத்தில் வைத்துப் பார்த்தால் 37.3 காட்டலாம், அதை நம்பிப் படுக்கப் போகாதீர்கள். அரை மணி நேரத்தில் 39-க்கு ஏறிவிடும். வியர்த்துக் கொட்டினால் இறங்குகிறது என்று அர்த்தம்.

பனடோல் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். இடையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குத்திக் குத்திப் பார்ப்பதால் பிள்ளைக்குத் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். பனடோலில் இருக்கிற மருந்து பாராசிட்டமால். பிள்ளைகளுக்கு அது எடைக் கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வகை விற்கிறது. போன தடவை ஒரு கரண்டி கொடுத்தேன் என்று ஞாபகத்தில் கொடுக்காமல் புட்டியைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டு 38.2 இருந்தால் நான் மருந்தே கொடுக்க மாட்டேன், தண்ணீர்தான் கொடுப்பேன்.

நம் ஊரில் காய்ச்சல் என்றால் டிங்கியை (டெங்கு) நினைக்காமல் இருக்க முடியாது. இங்கேதான் தெர்மோமீட்டர் நம்மை ஏமாற்றிவிடும். டிங்கியில் இரண்டு முதல் ஏழு நாள் வரை சூடு கடுமையாக இருக்கும். அப்புறம் இறங்கும். வீட்டில் எல்லாரும் "அப்பாடா" என்பார்கள். ஆனால் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்துக் கட்டம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற நேரம் அது. 37.0 காட்டுகிறது, ஆனால் வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் ஜில்லென்று ஈரமாக இருக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றால், அந்த 37-ஐத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வைத்திருந்தால் மருத்துவர் முதலில் கேட்பதற்குப் பதில் கையில் இருக்கும். டிங்கி இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகக்கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும்.

வெயில் தாக்கு வேறு கதை. அதில் ஹைபோதலாமஸ் அளவை உயர்த்தவில்லை, உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை, அவ்வளவுதான். எனவே பனடோல் வேலை செய்யாது. கட்டட வேலையிலோ திடலிலோ இருந்தவர் 40-ஐத் தாண்டி, உளற ஆரம்பித்தால் அவசர எண் 999-ஐ அழைத்துவிட்டு நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

பழைய பாதரசக் குச்சி இன்னும் அலமாரியில் இருந்தால் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். கீழே விழுந்து உடைந்தால் துடைப்பத்தாலோ வேக்குவத்தாலோ கூட்டக்கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, கையுறை போட்டு, கெட்டிக் காகிதத்தால் உருண்டைகளைச் சேர்த்து மூடியுள்ள புட்டியில் போடுங்கள்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் போனில் "பாப்பாவுக்கு நூத்திரண்டு" என்பார்கள், அவர்கள் பார்ப்பது ஃபாரன்ஹீட். 98.6 என்றால் நம் 37, 100.4 என்றால் 38, 102 என்றால் 39-க்குச் சற்றுக் குறைவு, 104 என்றால் 40. உங்கள் வீட்டுக் குச்சியே ஒரு நாள் திடீரென்று 97.9 என்று காட்டினால், யாரோ பொத்தானை விடாமல் அழுத்தி அளவை மாற்றியிருக்கிறார்கள். பல கருவிகளில் அணைத்துவிட்டு அதே பொத்தானைச் சில வினாடி பிடித்தால் பழையபடி ஆகிவிடும்.